கரடி போட்ட வழக்கு

வைகாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் ஒன்றில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்பார்கள், இல்லையென்றால் பாலைப்பழம் என்பார்கள். எனக்கு இரண்டும் இருந்தன. அதோடு, முள்ளியவளைக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் படிப்பிக்கிற சிநேகிதி, காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கூத்துப் பழக்குகிறார்கள், வந்து பார் என்று சொல்லியிருந்தாள். விடுமுறைக்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த மச்சானையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பரந்தனால் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாகப் போனால் முல்லைத்தீவு கிட்ட. நான் வேண்டுமென்றே மாங்குளம் வழியைப் பிடித்தேன். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்தபடி மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வரைக்கும் இரண்டு பக்கமும் காடு. பாலை, வீரை, முதிரை, இடையிடையே மருது. பாலைப்பழம் விற்கிறவர்கள் தெருவோரத்தில் இருந்தார்கள். மஞ்சளாய், நெல்லிக்காயைவிடச் சின்னதாய் இருக்கும். நாலு பழம் தின்றால் பால் பிசுபிசுத்து உதடு ஒட்டிக்கொள்ளும். மச்சான் சும்மா இருக்க முடியாமல் ஒரு கைபிடி வாயில் போட்டான். அடுத்த பத்து நிமிடம் வாகனத்தில் நல்ல அமைதி.

சிலர் பழத்தைக் கொப்போடேயே வைத்திருந்தார்கள். பார்க்க வடிவுதான். ஆனால் பாலை சட்டென்று வளர்கிற மரமில்லை. இரும்புபோல வைரம் பாய்ந்த மரம், அதற்கேற்ற மாதிரி ஆறுதலாகத்தான் வளரும். ஏறிப் பிடுங்கப் பஞ்சிப்பட்டுக் கொப்பை வெட்டி விழுத்தினால் அடுத்த வருடப் பழமும் அதோடு போய்விடும். பழத்துக்கு வருகிற குருவிக்கும் குரங்குக்கும் கரடிக்கும் ஒன்றுமில்லை. வன்னியில் பாலைப்பழக் காலத்தில் தனியே காட்டுக்குப் போகாதே என்று பெரியவர்கள் சொல்வது கரடியை நினைத்துத்தான்.

அந்தக் கரடிதான் கூத்தின் கதாநாயகன் என்பது வாசிகசாலை முற்றத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

மண் முற்றத்தில் கூத்தாட வட்டமாகக் களரி கீறியிருந்தார்கள். வேப்பமர நிழலில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு இருந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். கோவலன் கூத்தில் ஆடி வளர்ந்தவர். இந்தப் பக்கத்து ஆட்டமுறையை முல்லைமோடி என்பார்கள். அதே தாளக்கட்டை வைத்துக்கொண்டு கதையை மட்டும் மாற்றியிருக்கிறார். கட்டியகாரன் வந்து சபை கூட்டுகிறான். கரடி வழக்குப் போடுகிறது. குற்றவாளிக் கூண்டில் கத்தியோடு ஒரு மனிதன். சாட்சிக்குக் குருவி, குரங்கு, கடைசியில் குளம். காடு அழிந்தால் மழைக்கு மண் கரைந்து வந்து என் வயிற்றில் வண்டலாய் நிரம்பும், பிறகு உன் வயலுக்கு நான் எங்கே தண்ணி தருவேன் என்று குளம் கேட்கிறது. குளமாக வந்த சிறுமிக்கு அந்த வரியில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாவியார் கோபிக்கவில்லை, தாளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கரடி பாடுகிற தரு, அதுதான் கூத்துப் பாட்டு, எனக்கு இன்னும் வாயில் நிற்கிறது:

"கொத்திக் கொத்திக் கொப்பெடுத்தீர் – அடுத்த
கோடைக்கு எந்தப் பழம் கொடுப்பீர்?"

கரடிப் பெடியன் கிழிந்த சாக்கொன்றைப் போர்த்திக்கொண்டு, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கொஞ்சம் ஆடி ஆடி வந்தான். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "அப்பா தேன் எடுக்கப் போறவர். அவர் ஓடி வந்து ஆடிக் காட்டினவர்" என்றான்.

பின்சீலை கீறிக்கொண்டிருந்தவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர். பழைய வேட்டிகளை ஒன்றோடொன்று தைத்துக் கொடியில் கட்டியிருந்தார். கரியும் செம்மண்ணும்தான் முக்கால்வாசி நிறம். பாலை இலையைக் கீறும்போது நுனியில் ஒரு சின்னப் பிளவு வைத்தார். கூர் நுனியாகக் கீறியிருந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, மரத்திலிருந்து ஒரு இலையைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்துக் கீறு, நினைச்சுக் கீறாதே" என்றார். சீலையின் மறுபக்கத்தில் போன வருடக் கூத்தின் அரண்மனை இருந்தது.

முன்பு ஒரு நிறுவனம் காசு தந்து இதே முற்றத்தில் சுற்றாடல் நாடகம் போட்டதாம். எல்லாருக்கும் தொப்பி, ரீசேட், மேடையைவிடப் பெரிய பிளெக்ஸ் பதாகை. படம் எடுத்தார்கள், போனார்கள். பதாகை இப்போது ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை. விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் செய்யக்கூடாது என்று 2017 இலேயே நாட்டில் தடை வந்துவிட்டது. மதிக்கிறவர்கள் குறைவு. ஆனால் இந்த முற்றத்தில் தென்னோலைத் தோரணம்தான். சட்டத்துக்குப் பயந்தல்ல, அண்ணாவியாருக்கு மற்றது கண்ணில் காட்டக்கூடாது.

தேத்தண்ணி வந்தபோது மச்சானுக்கு உதடு பிரிந்து கதை வந்தது. அவன் இருப்பது காசல் நகரத்துக்குப் பக்கத்தில். யோசப் பொய்ஸ் என்ற கலைஞர் 1982 இல் அங்கே "7000 ஓக்" என்ற பெயரில் 7000 மரம் நடுகிற வேலையைத் தொடங்கினார். அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7000 பசால்ட் கல்லைக் குவித்து, ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் நாட்டுவது என்று ஒழுங்கு. குவியல் குறையக் குறைய மரம் கூடுவது ஊருக்கே தெரியும். 1986 இல் அவர் இறந்துபோனார், அடுத்த வருடம் மிச்சத்தை நட்டு முடித்தார்கள். மச்சான் தினமும் வேலைக்குப் போகிற தெருவிலும் அந்த மரங்கள் நிற்கின்றனவாம். இங்கேயும் அப்படி ஒன்று செய்யலாமே என்றான்.

அண்ணாவியார் முழுதும் கேட்டார். "நல்ல மனிசன்தான். ஆனா கல்லு என்னத்துக்குத் தம்பி? இங்க மாடு கடிக்காம வேலியடைச்சு விட்டாலே போதும்."

பிறகு அவர் பண்டிப் பள்ளு, குருவிப் பள்ளு என்று பழைய வன்னிப் பாட்டுகளுக்குப் போனார். வயலை உழக்குகிற காட்டுப்பன்றியையும் கதிரைக் கொத்துகிற குருவியையும் வைத்துப் பாடியவை. திட்டும் இருக்கும், கெஞ்சலும் இருக்கும் என்றார். "பண்டிக்கும் வயிறு இருக்குத்தானே. அது தெரிஞ்சவன்தான் பாட்டுக் கட்டினவன்."

எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது. 2019 முடிவில் நாடு முழுக்க இளம் பெடி பெட்டையள் மதில்களில் படம் கீறின காலத்தை நினைத்துப் பார்த்தேன். உற்சாகமான காலம், மறுக்கவில்லை. ஆனால் பூமிப்பந்தைத் தாங்கும் இரண்டு கையும், எந்த ஊரிலும் வளராத ஒரு வட்டமான பச்சை மரமும் கீறிய மதில்கள் எத்தனை! அவற்றைப் பார்த்து ஒருவனும் கத்தியைக் கீழே வைக்கமாட்டான். சுற்றாடல் என்று மொத்தமாகச் சொன்னால் அது ஆருடையதும் இல்லை. பாலை, கரடி, இந்தக் குளம் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான். கலைஞன் செய்யக்கூடிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன். மிச்சத்தைச் சுவரொட்டி பார்த்துக்கொள்ளும்.

பொங்கலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் தொடங்கி வற்றாப்பளையில் முடியும் சடங்கு, கடலில் எடுத்த உப்புநீரில் எரியும் விளக்கு, நந்திக்கடல் காற்று, விடிய விடியச் சனம். தண்ணீர்ப் பந்தல்களில் சிலர் ஏதனங்களில் மோர் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கோப்பை நெரிபட்டது. 2023 ஒக்ரோபரிலிருந்து அதுவும் தடை என்பதை அங்கே ஆருக்குச் சொல்வது?

திரும்பும்போது மாங்குளத்துக்குக் கிட்ட மறுபடி பாலைப்பழம் வாங்க நின்றோம். கூத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆடமாட்டோம், இந்தத் தெருவோரத்தில் பழக்காரருக்கு முன்னால்தான் ஆடுவோம் என்று அண்ணாவியார் சொல்லியிருந்தார். "வெட்டுறவனுக்கு முன்னால ஆடாம வேற ஆருக்கு ஆடுறது?" அதை அங்கிருந்த ஒரு அக்காவிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

"நாங்கள் ஒரு கொப்பு வெட்டினா உங்களுக்குக் கூத்து. ராவில லொறி கொண்டுவந்து முதிரை ஏத்துற முதலாளிய ஆடிக் காட்டச் சொல்லுங்கோ பாப்பம்."

சிநேகிதிக்கு அப்போதே தொலைபேசியில் சொன்னேன். அடுத்த கிழமை அவள் எடுத்தாள். அக்கா சொன்னது சரி என்று அண்ணாவியார் லொறி முதலாளி களரிக்கு வரும்போது பாட ஒரு வரவுத் தரு கட்டிவிட்டாராம். வேடம் போடத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாருக்கும் கரடிதான் வேணுமாம்.