20 பைட் பேக்கப்

எங்கள் சைட்டின் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்த விஎம் (ஒரு மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு மெஷின்) காலை ஆறரைக்குப் படுத்துவிட்டது. விஎம்கள் எல்லாம் ஓடும் ஹோஸ்ட் மெஷின் திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தபோது மற்ற விஎம்கள் எல்லாம் வந்துவிட்டன, இது மட்டும் ஃபைல்சிஸ்டம் பிழை என்று எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக, அதாவது டம்ப்பாக, எடுத்து வேறு மெஷினில் வைக்கிறோமே, புது விஎம்மில் ரீஸ்டோர் பண்ணினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால், கடைசி மூன்று ஃபைல்களும் தலா 20 பைட். ஜிபி இல்லை, எம்பி இல்லை, பைட்!

மூன்று நாள் முன்பு பேக்கப் யூசரின் பாஸ்வேர்டை மாற்றியவன் நான்தான், ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். டம்ப் எடுக்கும் கட்டளை டேட்டாபேஸுக்கு உள்ளேயே நுழைய முடியாமல் திரும்பியிருக்கிறது, அது கொடுத்ததைச் சுருக்கவேண்டிய ஜிசிப் அந்த ஒன்றுமில்லாததைச் சமர்த்தாகச் சுருக்கி வைத்திருக்கிறது. காலி ஜிசிப் ஃபைலின் அளவே 20 பைட்தான். ஒரு கட்டளை கொடுப்பதை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பில் கடைசிக் கட்டளை சரியாக முடிந்தால், கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு எல்லாமே வெற்றி, அதனால் 'பேக்கப் முடிந்தது' மெயில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. (இதற்கென்றே பாஷ் ஷெல்லில், நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் இருக்கிறது. இப்போது போட்டிருக்கிறேன்.)

மிச்சம் இருந்தது பின்லாக், அதாவது டேட்டாபேஸில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவு. எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 8-இல் அது தானாகவே ஆனில் இருக்கும், 30 நாள் வரை அழியாது. ஆனால் அந்த ஃபைல்கள் இருப்பதோ செத்த விஎம்மின் டிஸ்கில். டிஸ்கையே மாற்றி ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகேயை ஓட்டக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, முதலில் டிஸ்க் இமேஜை அப்படியே ஒரு காப்பி எடுத்துவிட்டு, அந்தக் காப்பியை ஹோஸ்டிலேயே ரீட்-ஒன்லியாக, ஃபைல்சிஸ்டத்தின் மாற்றக் குறிப்பேடான ஜர்னலைத் தொடாமல், மவுன்ட் பண்ணினேன் (இணைத்துத் திறந்தேன்). பின்லாக் ஃபைல்கள் வரிசையாக இருந்தன. அப்போதுதான் மூச்சே வந்தது.

அப்புறம் புது விஎம், அதே வெர்ஷன். உருப்படியாக இருந்த கடைசி டம்பை ஏற்ற முக்கால் மணி நேரம். அந்த டம்ப் எந்த பின்லாக்கின் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பது, ஆப்ஷன் கொடுத்திருந்தால், ஃபைலின் தலைப்பகுதியிலேயே கமென்ட்டாக இருக்கும். எப்போதோ யாரோ கொடுத்திருந்தார்கள், புண்ணியவான். அந்த பொசிஷனிலிருந்து எல்லா பின்லாக்கையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தனித்தனியாக ஓட்டினால் ஒன்றில் உருவான தற்காலிக டேபிள் அடுத்ததில் இருக்காது. ஆரம்ப பொசிஷன் முதல் ஃபைலுக்கு மட்டும்தான் பொருந்தும், மற்றவை முழுசாக ஓடும், அதனால் குழப்பமில்லை.

கடைசி ஃபைலின் முடிவில் பாதியில் அறுந்த ஒரு ஈவன்ட்டில் (ஒரு மாற்றத்தின் பதிவில்) பிழை சொல்லி நின்றது. அதற்கு முன்பு வரை எல்லாம் ஏறியிருந்தது. கடைசி ஆர்டர் எண்ணையும் வாடிக்கையாளர்களுக்குப் போன மெயில்களையும் ஒப்பிட்டால் இரண்டு ஆர்டர் குறைந்தது, ஹோஸ்டின் தற்காலிக நினைவகமான கேஷிலிருந்து டிஸ்குக்கு வராமலே போனவையாக இருக்கும். அந்த இரண்டையும் மெயிலைப் பார்த்துக் கையால் ஏற்றிவிட்டு, பகல் ஒன்றரைக்கு சைட்டைத் திறந்தோம்.