குடியைக் குறைக்க ஆப்பை நம்பி இறங்கினால் கணக்கு எங்கெல்லாம் உதைக்கும்

குடியை விடுவது வேறு, குறைப்பது வேறு. நான் தேடியது இரண்டாவது. ஆனால் ஆன்லைனில் கிடைப்பவை பெரும்பாலும் முழுசாக விடுபவர்களை மனதில் வைத்துச் செய்தவை, அதுவும் ஆப்பை இறக்கி, கணக்குத் தொடங்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகுதான் தெரியவரும். இதே தேடலில் இருப்பவர்கள் என் அளவுக்கு அலைய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கொஞ்சம் உள்ளே போனால்தான் அடங்குகிறது என்றால் ஆப், டைரி எதுவும் உங்களுக்கு இல்லை. நேராக டாக்டரிடம் போங்கள். அந்த நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதன் பிறகு மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நான் போட்டுப் பார்த்த எந்த ஆப்பும் இதை முதல் பக்கத்தில் சொல்லவில்லை. ஒன்றில் மட்டும் செட்டிங்ஸுக்குள் எங்கோ பொடி எழுத்தில் கிடந்தது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ கேள்விகள் இருக்கின்றன. 10 கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே குடி கவனிக்க வேண்டிய கட்டத்தில் இருக்கிறது, 20 வந்துவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சில நிமிட வேலை.

அப்புறம் அளவு. பாடாய்ப் பட்டது இங்கேதான். ஒரு ஆப்பில் ‘ஒரு ட்ரிங்க்’ என்றால் 14 கிராம் ஆல்கஹால், அது அமெரிக்கக் கணக்கு. டவுன்லோட் செய்த குடி டைரியில் 10 கிராம். இன்னொரு தளம் பிரிட்டனின் யூனிட் கணக்கில் 8 கிராம். எந்தக் கணக்கு என்று ஒன்றுகூட முகப்பில் சொல்வதில்லை. ஒரே வாரத்தில் குடித்ததை மூன்றிலும் போட்டால் ஒன்று பச்சை காட்டுகிறது, இன்னொன்று சிவப்பு. உதவி வேண்டும் என்று எழுதினால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானாக ஒரு பதில் வந்தது. விடாமல் மறுபடி எழுதியதற்கு, கட்டணத் திட்டத்தில் சேரச் சொல்லி விளம்பரம் வந்தது.

கடைசியில் ட்ரிங்க், யூனிட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கிராமுக்கே வந்துவிட்டேன். மில்லியை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம். 330 மில்லி, 5% பியர் 13 கிராம். 500 மில்லி, 8% ஸ்ட்ராங் பியர் 31 கிராமுக்கு மேல். ஆப்பில் இரண்டுக்கும் ஒரே பியர் படம்தான், தொட்டால் ‘1’ ஏறும், அவ்வளவுதான். 40% விஸ்கி 30 மில்லி என்றால் ஒன்பதரை கிராம் வரும், ஆனால் அந்த 30 மில்லியை நம்பக்கூடாது. இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியை எடுத்து, வழக்கமான தம்ளரில் வழக்கம்போல் தண்ணீரை ஊற்றி அளந்து பாருங்கள். எனக்கு 45-ஐத் தாண்டியது. அகலமான தம்ளரில் யார் ஊற்றினாலும் கண் ஏமாற்றும். அன்றிலிருந்து அந்த மூடி பாட்டிலோடுதான் இருக்கிறது.

அடுத்தது, ‘தொடர்ந்து இத்தனை நாள்’ என்று காட்டும் அந்த எண்ணிக்கை. குறைப்பவனுக்கு அது விஷம். ஒரு நாள் திட்டத்துக்கு மேல் ஒன்று போனால் எல்லாம் பூஜ்யமாகிவிடும், உடனே மனசு ‘போச்சு, இனி எவ்வளவு போனால் என்ன’ என்று கிளம்பும். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இந்த ‘போச்சு’ மனநிலையைப் பற்றி எப்போதோ விரிவாக எழுதிவிட்டார். சறுக்கல் வேறு, மொத்தமாக விழுவது வேறு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இத்தனை காலம் கழித்தும் ஆப் செய்கிறவர்களுக்கு அது எட்டவில்லை. அணைக்க முடிந்தால் முதல் நாளே அணைத்துவிடுங்கள். அதேபோல் சாயங்காலம் சரியாகக் குடிக்கும் நேரத்தில் ‘இன்று குடித்தீர்களா?’ என்று வரும் நோட்டிஃபிகேஷன். மறந்திருந்தவனுக்கும் ஞாபகம் வந்துவிடும். நான் அதைக் காலைக்கு மாற்றினேன், முந்தைய நாள் கணக்கைக் காலையில் எழுதுகிறேன். இதையெல்லாம் தேடத் தேட மது விளம்பரமும் வரத் தொடங்கும். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளில் மது விளம்பரத்தைக் குறைக்கச் சொல்லும் வசதி இருக்கிறது, போட்டு வையுங்கள்.

இதெல்லாம் இருந்தாலும் குடியைக் குறைப்பதற்கான சில உத்திகள் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஆசை வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல், உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, நெஞ்சிலா, தாடையிலா என்று கவனித்துக்கொண்டே இருப்பது ஒன்று. ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். முதல் தடவை அது தானாக இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. இன்னொன்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற முன்திட்டம். ‘குறைப்பேன்’ என்று பொதுவாக எழுதினால் எதுவும் நடக்காது. ‘மச்சான், ஒண்ணே ஒண்ணுடா’ என்று நண்பன் தம்ளரை நீட்டினால் என்ன சொல்வேன் என்பதை வார்த்தை வார்த்தையாக எழுதி வைக்க வேண்டும். நான் எழுதியது ‘எனக்குப் போதும்டா’, அவ்வளவுதான். மாத்திரை, வண்டி, வயிறு என்று காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருக்கும், காரணமே சொல்லாவிட்டால் வாதம் வளராது. இரண்டு தடவை கேட்டான், அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

சில வாரத்தில் புது மனிதன் ஆகிவிடுவீர்கள் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இப்படி டிஜிட்டல் உதவியோடு குறைக்க முயன்றவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு சுமார் 23 கிராம் குறைவாகக் குடித்ததாகச் சொல்கிறது. மேலே சொன்ன 13 கிராம் பியரில் கிட்டத்தட்ட இரண்டு. அதைப் படித்த பிறகுதான் என் வாரக் கணக்கைப் பார்த்து நொந்துகொள்வதை நிறுத்தினேன், ஏனென்றால் நான் அதைவிட அதிகமாகவே குறைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று, ஆப்பை போனிலிருந்து தூக்கினால் மட்டும் கணக்கு அழியாது, இலவச காலம் முடிந்ததும் பணமும் போகும். முதலில் சந்தாவை ரத்து செய்து, எழுதிய பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு, கணக்கை நீக்கச் சொல்லி, நீக்கியாகிவிட்டது என்ற மெயில் வந்த பிறகு ஆப்பைத் தூக்குங்கள். நீங்கள் எந்த இரவில் எவ்வளவு குடித்தீர்கள் என்ற விவரம் அவர்கள் சர்வரில் எதற்கு?