வாகை மரத்தில் ஒரு த்ரீ நாட் த்ரீ

ஆடிக் காற்றோடு தொடங்கிய வேலை, ஐப்பசி பிறந்தும் முடியவில்லை. லீ என்ஃபீல்டு என்ற 303 துப்பாக்கிக்கு, மரத்தில் முழு அளவு மாதிரி ஒன்று. சுடாது, சுடவும் முடியாது. குழல் என்று நான் வைத்திருப்பது துளையே இல்லாத உருட்டுக்கட்டை.

என் பிழைப்பு கோவை கணபதியில், பேட்டர்ன் பட்டறையில். பம்ப் கூடும் இம்பெல்லரும் வார்ப்பதற்கான மர அச்சுகளைச் செதுக்குவதுதான் நாள் முழுக்க வேலை. என் தாய்மாமன் ஆயுதப்படைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அத்தனை வருடம் தோளில் சுமந்தேன் கண்ணு, அதோடு நின்று எடுத்த ஒரு போட்டோகூட இல்லை" என்றார். அதற்காகத்தான் இது.

முதலில் மரம். பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு வால்நட் மரத்தைப் பயன்படுத்தினார்கள். நமக்கு வாகை போதும். அறுத்து எண்ணெய் பூசினால் வால்நட்டின் கரும்பழுப்பு அப்படியே வரும். மரவியாபாரத்தில் வாகையைக் கிழக்கிந்திய வால்நட் என்று சொல்வதும் உண்டு. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், கட்டுத்தரைக் கூரைக்கு அடியில் மூன்று வருடமாகக் காய்ந்து கிடந்த பலகை கிடைத்தது. வாகைத் தூளுக்கு மூக்கு தாங்காது. இழைப்புளி ஓட்டிய முதல் நாள் தும்மித் தும்மியே பொழுது போயிற்று. மறுநாள் முதல் நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டேன்.

ஆவணியில் நான் செய்த முட்டாள்தனத்தை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கே மரியாதை இல்லை. வார்ப்பட அச்சு செய்பவர்களிடம் தனி அளவுகோல் உண்டு. உருகிய இரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அந்தக் கோலில் ஒரு மீட்டர் என்பது உண்மையில் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். கை பழக்கத்தில் அதையே எடுத்து, குழலைத் தாங்கும் முன்கட்டையை அளந்துவிட்டேன். குழலை மட்டும் லேத்தில் சாதாரணக் கோலால் அளந்து கடைந்திருந்தேன். இரண்டையும் சேர்த்து வைத்தால், முக்கால் மீட்டர்க் கட்டை முன்பக்கம் ஏழெட்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. நுனியை வெட்டிவிடலாம், ஆனால் நடுவில் வரும் வளையத்துக்கும் பார்வைக்குறிக்கும் செதுக்கிய பள்ளங்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. பத்து நாள் வேலை விறகானது. இருபது வருடத் தொழில்காரனுக்கு இது தேவைதான்.

இரண்டாவது கட்டையைச் செதுக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. 303 என்றால் இரும்பு, மரம் வெறும் கைப்பிடி என்று நினைத்திருந்தேன். உண்மையில் மரமும் இரும்பும் சேரும் இடத்தில்தான் இந்தத் துப்பாக்கியின் பாதி வித்தை இருக்கிறது. ஜெர்மனியின் மவுசர் போன்ற மற்ற துப்பாக்கிகளுக்குத் தோளிலிருந்து முனைவரை ஒரே நீளக்கட்டை. இதற்கு முன்கட்டை தனி, பின்கட்டை தனி. பின்கட்டையை இரும்புக் குழிக்குள் செருகி, அதன் வயிற்றுக்குள் ஓடும் நீண்ட போல்ட்டால் முடுக்கியிருப்பார்கள். இதனால் நீளமான நல்ல மரத்துக்கு அலைய வேண்டாம். ஆளின் கை நீளத்துக்கு ஏற்பக் கட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். குட்டை, சாதாரணம், நீளம் என்று அளவுகள் இருந்தன. குட்டைக்கு எஸ், நீளத்துக்கு எல் என்று கட்டையிலேயே அடித்திருப்பார்கள். தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது போலத்தான்.

சுடும்போது பின்னால் உதைக்கிற உதையை வாங்குவது முன்கட்டையின் பின்மூலையில் இருக்கும் இரண்டு சிறிய மரமுகங்கள். என் கட்டையில் அவை ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவுதான். அங்கே ஒரு நூலிழை இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு மரத்தை இடித்து, கடைசியில் கட்டை பிளந்துவிடும். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை உள்ளூர் மரத்துக்கு மாறியபோது, அது வால்நட்டைவிட மென்மையாக இருந்ததால் அந்த இடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். வங்காளத்தில் இசாப்பூர் தொழிற்சாலை, கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டது. அந்தத் திருகாணியைப் பார்த்தே இது இசாப்பூர் கை பட்டது என்று சேகரிப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். என் மாதிரியிலும் அதைப் போட்டிருக்கிறேன். மாமாவின் துப்பாக்கியில் இருந்ததாம்.

வரலாறு சுருக்கமாக. ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பழகிய தொழில் கடிகாரம் செய்வது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கி வைக்க அடியில் தொங்கும் மேகஸின் பெட்டியும் அவர் யோசனை. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை மெட்ஃபோர்டு வடிவமைத்த குழலோடு எடுத்துக்கொண்டது. அப்போது தோட்டாவில் கருமருந்து. 1891 முதல் புகை குறைந்த கார்டைட் என்ற மருந்து வந்தது. அதன் சூட்டில் மெட்ஃபோர்டு குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் ஆழம் குறைந்த வரிகள் சீக்கிரம் தேய்ந்தன. அதனால் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஐந்து ஆழமான வரிகள் கொண்ட குழலைச் செய்தார்கள். 1895இல் லீ என்ஃபீல்டு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் எதிரிகள் மவுசரில் கிளிப் வைத்து ஒரே அழுத்தில் ஐந்து தோட்டா நிரப்புவதைப் பார்த்த பிறகு இதிலும் அந்த வசதி வந்தது. நான் செய்வது 1907இல் வந்த மூன்றாம் மார்க் வகை: நீளம் 44½ அங்குலம், எடை கிட்டத்தட்ட 4 கிலோ, மேகஸினில் 10 தோட்டா. பெயரில் உள்ள 303, குழல் துளையின் விட்டம் 0.303 அங்குலம் என்பதைக் குறிக்கிறது.

கார்டைட் என்றதும் எனக்கு நினைவு வருவது மேட்டுப்பாளையம் மலைரயில்தான். குன்னூர் தாண்டி அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. சிறுவயதில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏதோ துணிவகை என்று நினைத்தேன். நூல்கயிற்றுக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாவைப் பிசைந்து சந்தகை பிழிவது போல மருந்தைப் பிழிந்து இழையிழையாக எடுப்பார்கள். அந்த இழைகளின் கட்டுதான் தோட்டாவுக்குள் இருக்கும்.

புரட்டாசி முழுக்க போல்ட். அசைந்து காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். மரத்தில்தான், தோட்டாவைத் தட்டும் ஊசி கிடையாது. கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் இறுகும் என்று நினைத்துச் செய்துவிட்டேன். மாமா வந்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாமா, சரியாக இருக்கிறதா?" என்றேன். "தப்பு சாமி. தூக்கும்போது வெண்ணெய் மாதிரி வரும். தள்ளி மூடும்போதுதான் கைக்குப் பாரம் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரி. சூடேறிய காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் சிரமமான வேளையில் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. திருப்பமும் 60 பாகைதான், மவுசருக்கு 90. கைப்பிடி விசைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டுக்குத் தயாராகலாம். முதல் உலகப்போருக்கு முன்பு, 300 கஜத்தில் நிமிடத்துக்குப் பதினைந்து குறிபார்த்த குண்டுகள் என்று பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பழக்கினார்கள்.

இதே துப்பாக்கியில்தான் மேகஸினை மூடிவைக்கும் ஒரு தகடும் இருந்தது. அதைத் தள்ளினால் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுத்தான் சுட முடியும். பத்தும் அவசரத்துக்குச் சேமிப்பு. வேகமாகச் சுடுவதற்கென்றே செய்த துப்பாக்கியில், சிப்பாய் வீணாக்கிவிடுவான் என்ற பயத்தில் ஒரு பூட்டு! போர் மும்முரமானதும் 1916 வாக்கில் அதை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் போலீசுக்கென்று ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடும் 410 மஸ்கட் என மாற்றியபோதோ, மேகஸின் குழிக்குள் ஒரு மரக்கட்டையையே செருகிவிட்டார்கள். என் மாதிரியில் தகடு இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் அதிகம் இழுத்து விளையாடுகிறார்கள்.

இப்போதைய நிலை: ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு முடிந்தது. மாமா கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். தராசில் இரண்டு கிலோகூட வரவில்லை. பின்கட்டைத் துளைக்குள் இரும்புக் கம்பி இறக்கி எடை கூட்ட வேண்டும். மிச்சம் குழல்முனையைச் சுற்றி வரும் மூக்குமூடி. அதை மரத்தில் செய்தால் மொக்கையாக இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் அலுமினியத்தில் வார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அச்சு நான்தான் செய்ய வேண்டும். இந்த முறை அந்தச் சுருக்கக் கோல் இல்லாமல் ஆகாது. அதிலும் இரும்புக்கானது உதவாது, அலுமினியம் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். மூன்று கோலிலும் மூன்று நிறத்தில் நூல் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.