தாகத்துக்குத் தா

முதுகு பிடித்து மூன்று நாளாகப் படுக்கை. சபையில் யாருக்காவது முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். எனக்கென்று வந்ததும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவர்களுக்கு எதற்குத் தொந்தரவாம்! பச்சைப் பெருமை, வேறென்ன?

நேற்று பைபிளில் யோவான் 4-ம் அதிகாரம் வாசித்தேன். களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்த இயேசு, யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரம்கூட இல்லை. பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்திலும் சீஷர்களைத் தம்மோடு விழித்திருக்கத்தான் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டது வேறு கதை.

சரி என்று சபை அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, கொஞ்சம் வர முடியுமா?" தொண்டையில் சிக்கிச் சிக்கித்தான் வந்தது. வந்தார், கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைத்தார், ஜெபித்தார். அப்புறம் கோபமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, முந்தாநாளே கூப்பிட்டிருக்கலாம்ல?"