ஈஸ்ட் ஹாமில் ஓர் ஓதச் சுவர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருப்பது விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றின் கீழ்த்தளம். குளிர் தொடங்கினால் வடக்குப் பக்கப் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம் படரும். ப்ளீச் போட்டுத் துடைத்தால் போகும், பொங்கலுக்குள் மறுபடி வந்துவிடும். வீட்டு ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, நீங்கள் ஜன்னல் திறக்கிறேல்லை, அதுதான்" என்பார். பாதி உண்மை.

வெளியே போய்ச் செங்கல் அடுக்கைப் பார்த்தேன். கல்லின் நீள முகமும் குட்டை முகமும் மாறி மாறி வந்தன. அப்படியென்றால் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் சுவர். இரட்டைச் சுவர் எழுப்பி நடுவே காற்றுக்கு இடம் விடும் வழக்கம் இங்கே பரவியதே 1920-களுக்குப் பிறகுதான். ஆக, குளிரைத் தடுக்க இடைவெளியில் பஞ்சு அடைக்கும் மலிவான வழி எங்களுக்கு இல்லை.

அறை 20 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். பீரோவுக்குப் பின்னால் வெப்பமானி காட்டியது 11. சோறு வடித்து, துணியை அறை சூடாக்கும் ரேடியேட்டரில் காயப்போடும் வீட்டில் 60 சர்வசாதாரணம்.

அலுமினியத் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். பீரோ மூலையில் தாளின் அறையைப் பார்த்த பக்கம் நனைந்தது: அது எங்கள் மூச்சும் சமையலும். ஜன்னலுக்குக் கீழே ஒட்டியதோ சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தது. அந்த ஈரம் சுவர் வழியே வருவது. இது தெரியாமல் மேலே எதை ஒட்டினாலும் காசுக்குக் கேடு.

படங்களோடு ஓனருக்குக் கடிதம் எழுதினேன். வாடகை வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்ற 2018 சட்டத்தையும் மரியாதையாகக் குறிப்பிட்டேன். நேரில் வந்தவரிடம், "அண்ணா, நனைஞ்சிருக்கிற பக்கத்தைப் பாருங்க" என்று தாளை உரித்துக் காட்டிய பிறகு அவர் ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை. கூரையோரம் மழைநீரை வாங்கும் பிளாஸ்டிக் வாய்க்காலில் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. அதை மாற்றினார்கள். செங்கல் இடுக்குகளில் யாரோ முன்பு அப்பியிருந்த சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சிமெண்ட் பழைய செங்கல்லின் ஈரத்தை வெளியே விடாது. கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம். பொறுமை தேவைப்பட்டது இங்கேதான்.

பிறகே குளிரைத் தடுக்க உள்பக்க வேலை. வந்த காண்ட்ராக்டர் ஃபோம் ஒட்டிய பலகை போடலாம் என்றார். அதில் ஸ்விட்ச் பெட்டி ஓரம் சின்ன இடுக்கு இருந்தாலும் அறைக்காற்று பின்னால் போய்க் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பூசணம் வளரும். நான் கேட்டது கால்சியம் சிலிக்கேட் பலகை. ஈரத்தை உறிஞ்சித் திரும்ப விடும், காரத்தன்மை உள்ளதால் பூசணம் எளிதில் பிடிக்காது. விலை கூடுதல்தான். ஓனர் முணுமுணுத்தபடி சம்மதித்தார், அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

உப்புப் பூத்த பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, 50 மில்லிமீட்டர் பலகையைப் பின்புறம் முழுக்கப் பசை தடவி ஒட்டினார்கள். அங்கங்கே மட்டும் பசை வைத்தால் பின்னால் காற்று புகும். ஜன்னல் பக்கவாட்டிலும் மெல்லிய பலகை வைக்கச் சொன்னேன், விட்டால் குளிர் அந்த ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே சுண்ணாம்புப் பூச்சு, சிலிக்கேட் பெயிண்ட். சாதாரண எமல்ஷன் அடித்தால் பலகை மூச்சுவிடாது.

அடுத்த குளிர்காலத்தில் அதே மூலை 17 டிகிரி. பூசணம் இல்லை. பீரோவை இன்னும் நாலு விரல் தள்ளித்தான் வைத்திருக்கிறோம், குளியலறை ஃபேனும் குளித்தபின் ஓடுகிறது. ஒரே தொல்லை, பலகை பொடிந்துபோகிற சாதி. சாமி படத்துக்குக்கூடச் செங்கல்வரை போகும் நீள ஸ்க்ரூ வேண்டும்.