டீச்சர் இல்லாத படம்

"தம்பி, நான் கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர். பேப்பர்ல என் படம் வந்துடக் கூடாது." பிரசார வேனின் பின்படியில் நின்றபடி வேட்பாளரின் மனைவி சொன்னது இவ்வளவுதான். பேப்பருக்குப் படம் எடுக்கப் போயிருந்த நான் "சரிங்கம்மா" என்றேன். 2021 சட்டமன்றத் தேர்தல், ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தன. அந்தச் 'சரி' இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

அரசு ஊழியர் யாருக்கும் வாக்குக் கேட்கக் கூடாது என்று 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. டீச்சர் மைக்கைத் தொடவில்லை. கணவருக்குப் பக்கத்தில் நின்றார். அது பிரசாரமா? வேறொரு வேனில் வேறொருவர் நின்றிருந்தால் நானே ஆமாம் என்றுதான் சொல்வேன். வாக்குச்சாவடியில் உட்காருகிறவர்களில் நிறைய பேர் ஆசிரியர்கள். அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது.

விதியைவிட அந்தப் படம்தான் அதிகம் உறுத்துகிறது. ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள் வேட்பாளருக்குச் சுற்றிவிட்டு "டீச்சர், டீச்சர்" என்று மனைவி பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கி வேனை நோக்கி நீட்டினாள், டீச்சரிடம் படித்தவளாம். கும்பிட்ட கையோடு வேட்பாளர் தனியாக நிற்கிறார், தெருவே டீச்சரைப் பார்க்கிறது. அந்த வாக்குகள் யாருக்காக விழப்போகின்றன என்று அந்த ஒரு ஃப்ரேம் சொல்லிவிடும். அன்று எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

அதை அனுப்பவில்லை. டீச்சர் வராத வேறொன்றை அனுப்பினேன். எதையும் வெட்டவில்லை, அழிக்கவில்லை. பல படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தினமும் செய்கிற வேலைதான். ஜெயித்தால் பதவி கணவருக்கு, படம் வந்தால் மெமோ மனைவிக்கு. இப்படி நினைக்கும்போது சமாதானமாக இருக்கும். அப்புறம், எதிர்த்து நின்றவரின் மனைவி கேட்டிருந்தால் இதையே செய்திருப்பேனா என்று தோன்றும். செய்திருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

இத்தனைக்கும் அன்று தெருவில் இருந்த செல்போன்களில் எல்லாம் டீச்சர் இருந்தார். தேர்தல் ஆணையத்தின் வீடியோ குழுவும் பின்னாலேயே வந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் குழந்தை வீடியோ கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஆனாலும் டீச்சர் பயந்தது பேப்பருக்குத்தான். புகார் கொடுக்கிறவர்கள் பேப்பர் கட்டிங்கைத்தான் இணைப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்தக் கட்டிங் என் கேமராவிலிருந்து போகவில்லை. அதை நல்ல காரியம் என்று சொல்ல வாய் வருகிறது. என் வேலையைச் செய்தேன் என்று சொல்லத்தான் வரவில்லை.