பைப்ல தண்ணி நிக்கக் கூடாது: குளிர்கால நாட்குறிப்பு

அக்டோபர் 26

இந்த வாரக் கடைசில ராத்திரி 0 டிகிரிக்கு கீழ போகும்னு காட்டுது, அதனால தோட்டத்து ஹோஸ கழட்டியாச்சு. குளிர் வந்தாலே எல்லாரும் வெளிக்குழாய்க்கு துணி சுத்தறாங்க, ஃபோம் மூடி வாங்கி மாட்டறாங்க, ஆனா ஹோஸ் மட்டும் அப்படியே கெடக்கும். ஹோஸ்ல நிக்கற தண்ணி உறைஞ்சா குழாய்க்குள்ள இருக்கற தண்ணி வெளிய வர வழியே இல்லாம போயிடும், அப்புறம் மேல எத்தன சுத்து சுத்தினாலும் பிரயோஜனம் இல்ல. ஸ்ப்ளிட்டர், டைமர், ஸ்ப்ரே கன் எதுவும் குழாயில தொங்கக் கூடாது, எல்லாத்தையும் கழட்டி உள்ள வெச்சிடுங்க.

நவம்பர் 2

வீட்டுக்கு வெளிய ரெண்டு குழாய் இருக்கு, ரெண்டும் வேற வேற ரகம்.

பின்பக்கம் இருக்கறது பழைய மாதிரி. அதுக்குன்னு பேஸ்மென்ட்ல தனியா ஒரு வால்வு உண்டு. அத மூடிட்டு, வெளிய போய் குழாய தொறந்து விட்டுட்டு, திரும்ப உள்ள வந்தேன். வேலை முடிஞ்சதுன்னு நிறைய பேரு இங்கயே விட்டுடுவாங்க, ஆனா வால்வுக்கும் குழாய்க்கும் நடுவுல இன்னும் தண்ணி நிக்குது. வால்வு பக்கவாட்டுல ஒரு சின்ன பித்தளை மூடி இருக்கும், விரல் நகம் சைஸ்தான், கீழ பக்கெட் வெச்சு அத மெதுவா திருகினா மொதல்ல ஒண்ணும் வராது, அப்புறம் களுக்குனு ஒரு சத்தம், காத்து உள்ள போனதும் தண்ணி கடகடன்னு எறங்கிடும். சொட்டு நின்னப்புறம் மூடிய திருப்பி போட்டுட்டேன். வெளிக்குழாய மட்டும் குளிர்காலம் முழுக்க தொறந்தே விடணும். நாளைக்கு போய் பாக்கும்போது அது சொட்டிட்டு இருந்தா உள்ள வால்வு சரியா மூடலன்னு அர்த்தம், குளிர் முத்தறதுக்குள்ள அத சரி பண்ணிடணும்.

பக்கவாட்டுல இருக்கறது ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகம். கைப்பிடி வெளிய இருந்தாலும் தண்ணிய நிறுத்தற இடம் செவுத்துக்கு உள்ள, கதகதப்பான பக்கத்துல இருக்கு. மூடினதும் நடுவுல இருக்கற தண்ணி தானா வெளிய வடிஞ்சிடணும், அதுக்கு குழாய் வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கணும். "இது உறையாத குழாய்தானே"ன்னு நம்பி ஹோஸ மாட்டியே விட்டா தண்ணி வடியாம உள்ளயே உறைஞ்சு செவுத்துக்குள்ள பைப் பிளந்துடும். இதுல பெரிய ஆபத்து என்னன்னா, பிளந்தது குளிர்காலம் பூரா தெரியவே தெரியாது. வசந்தத்துல மொத தடவ தொறக்கறப்பதான் தண்ணி செவுத்துக்குள்ள ஊத்தும்.

நவம்பர் 16

பேஸ்மென்ட் மூலைல வெளிச்செவுர ஒட்டிப் போற பைப்புக்கு ஃபோம் குழல் மாட்டினேன். இத எத்தன தடவ வேணாலும் சொல்லுவேன், ஃபோம் சூடு குடுக்காது, இருக்கற சூடு போறத தாமதப்படுத்தும், அவ்ளோதான். ஒரு ராத்திரி குளிருக்கு அது தாங்கும், நாலு நாள் தொடர்ந்து குளிரடிச்சா சூடே வராத எடத்துல ஃபோமுக்குள்ளயும் உறையும். அதவிட முக்கியம் பைப் செவுத்துல நுழையற ஓட்டை. அது வழியா வர குளிர்காத்து நேரா பைப் மேலயே அடிக்கும், அத சீலன்ட் வெச்சு அடைச்சுட்டேன், கேபிள் போற ஓட்டையையும் சேத்து.

ஹீட் கேபிள், அதாவது பைப் மேல சுத்தற, கரண்ட்ல சூடாகற வயர், போடறவங்க பேக்கெட்ல இருக்கறத முழுசா படிச்சுட்டு போடுங்க. சாதாரண ரகத்த ஒண்ணு மேல ஒண்ணு சுத்தினா அந்த எடம் அதிகமா சூடாகி தீப்பிடிக்கலாம்.

டிசம்பர் 7

தங்கச்சி போன் பண்ணா. "அண்ணா, ரெண்டு வாரம் வீட்ல யாரும் இருக்க மாட்டோம், ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு போகட்டுமா?"ன்னு. "வேணாம்டா, 13 டிகிரிக்கு கீழ எறக்கவே எறக்காத, மெயின் வால்வ மூடிட்டு குழாயெல்லாம் தொறந்து இருக்கற தண்ணிய விட்டுட்டு போ"ன்னேன். தண்ணி சுத்தி வந்து சூடு பண்ற ஹீட்டிங்கோ, தீயணைப்பு ஸ்ப்ரிங்க்ளரோ இருந்தா மட்டும் மெயின மூடறதுக்கு முன்னாடி அது தெரிஞ்ச ஆளக் கேட்டுக்கணும்.

எங்க வீட்டு மெயின் வால்வுல சிவப்பு அட்டை கட்டி தொங்க விட்டிருக்கேன். பசங்களையும் ஒரு தடவ மூடித் தொறக்க வெச்சேன்.

ஜனவரி 11

இன்னிக்கு ராத்திரி மைனஸ் 14. இல்லினாய் பல்கலைக்கழகத்துல 1990கள்ல பைப் எப்ப உறையும்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, சூடு இல்லாத பரண்ல உறை போடாத பைப்புக்கு வெளிய மைனஸ் 7 டிகிரி வந்தாலே உஷாராகணும்னு அதுலேந்துதான் சொல்றாங்க. காத்து உள்ள புகுந்தா அதுக்கு முன்னாடியே உறையும்.

சிங்க் அடியில இருக்கற கதவெல்லாம் தொறந்து வெச்சாச்சு, ரூம் சூடு உள்ள போகட்டும். மெயின்லேந்து ரொம்ப தள்ளி இருக்கற குழாய்ல சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டையும் சொட்ட விட்டிருக்கேன். சொட்டினா உறையவே உறையாதுன்னு இல்ல, ஆனா அழுத்தம் வெளிய போக வழி இருக்கும். தண்ணி ஐஸ் ஆகறப்ப கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்குது, ஆனா பைப்ப ஒடைக்கறது பெரும்பாலும் ஐஸ் நேரா தள்றது இல்ல. ஐஸ் அடைப்புக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணிதான். ஐஸ் வளர வளர அந்த தண்ணி நெருக்கப்பட்டு அழுத்தம் எகிறிடும். குழாய் கொஞ்சம் தொறந்திருந்தா அந்த அழுத்தம் ஏறாது.

ஜனவரி 12

காலைல பக்கத்து வீட்டு அண்ணன் கதவ தட்டினாரு. "தம்பி, கிச்சன்ல தண்ணியே வரல, கேஸ் டார்ச் இருக்கு, அத வெச்சு காட்டலாமா?"

"அண்ணே, நெருப்ப மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, செவுத்துக்குள்ள இருக்கற கட்டை பத்திக்கும்"னு சொல்லிட்டு ஹேர் டிரையரோட போனேன். மொதல்ல குழாய தொறந்து வெச்சோம். சூட்ட குழாய் பக்கத்துலேந்து ஆரம்பிச்சு உறைஞ்ச எடத்த நோக்கி கொண்டு போகணும், நடுவுல ஆரம்பிச்சா உருகின தண்ணி வெளிய வர வழி இருக்காது. முக்கா மணி நேரம் கழிச்சு நூல் மாதிரி வந்துச்சு, கொஞ்ச நேரத்துல துப்பித் துப்பி நல்லாவே ஓட ஆரம்பிச்சிடுச்சு. அண்ணன் முகத்துல அப்பதான் உயிரே வந்துச்சு.

ஆனா கராஜ் பக்கம் போற பைப்ல ஐஸ் உருகினதும் தண்ணி பீச்சி அடிச்சுது. ஓடிப்போய் மெயின மூடினோம்.

ஜனவரி 14

பிளம்பர் வெட்டி எடுத்த காப்பர் துண்ட கையில வாங்கி பாத்தேன். பைப் மொதல்ல உப்பி இருக்கு, அப்புறம் நீளவாக்குல ஒரு விரல்கணு அளவு பிளந்து ஓரம் ரெண்டும் வெளிப்பக்கமா மெலிஞ்சு மடங்கி, மீன் வாய் தொறந்த மாதிரி. உறைஞ்சது வெளிச்செவுர ஒட்டின எடத்துல, பிளந்தது அதுலேந்து தள்ளி, மூடி வெச்சிருந்த குழாய்க்கு பக்கத்துல. பெக்ஸ்ங்கற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், ஆனா அதுவும் ஜாயின்ட்ல ஒடையலாம்னு பிளம்பர் சொன்னாரு.

மார்ச் 22

ராத்திரியும் 0க்கு மேலயே இருக்கு, வெளிக்குழாய்ங்கள திரும்ப தொறந்தேன். பின்பக்கத்து வால்வ கொஞ்சம் கொஞ்சமா திருகினேன், ஒரே அடியா தொறக்கக் கூடாது. வெளிய ஒருத்தர், பேஸ்மென்ட்ல டார்ச் லைட்டோட ஒருத்தர் நின்னா நல்லது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ குழாய்க்கு ஒரு சோதனை உண்டு. தண்ணி முழுசா வரும்போது குழாய் வாய கட்டவிரலால அழுத்தி மூடிப் பாருங்க. நல்ல பைப்னா அழுத்தம் விரல தள்ளி பக்கவாட்டுல பீச்சும். சுலபமா நிறுத்த முடிஞ்சா தண்ணி உள்ள வேற எங்கயோ போகுதுன்னு சந்தேகப்படணும், உடனே மூடிடுங்க. எங்களுது விரல தள்ளிடுச்சு. கைப்பிடி தண்டுல மட்டும் லேசா கசிஞ்சது, கைப்பிடிக்கு பின்னாடி இருக்கற பேக்கிங் நட்ட ஸ்பேனரால கால் சுத்து இறுக்கினேன், நின்னுடுச்சு.